கோயிலுக்கு வராத கல்யாணம்

12.3.1984, திங்கள் – பதிவுத் திருமணம். கட்டணம் 20 வெள்ளி (ரிங்கிட்).
2.4.1984, திங்கள் – கோயில் மண்டப முன்பணம் 150 வெள்ளி.
28.8.1984, செவ்வாய் – நாள் தள்ளிவைப்பு, முன்பணம் திரும்பவில்லை.

பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் தட்டச்சு வேலை பார்த்த ஞானாம்பிகை, சட்டப்படி பரமநாதனின் மனைவி. ஊர் கணக்கில் கல்யாணமாகாத பெண். புக்கிட் மெர்தாஜாமில் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்த பரமநாதன், பதிவுப் பத்திரம் காட்டினால்தான் குவார்ட்டர்ஸ் வீடு கிடைக்கும் என்று அவசரப்படுத்தினான். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அவன் தாயும் தங்கையும் குடியேறினார்கள். தாலி ஏறும்வரை பெண் பிறந்த வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றார்கள்.

கோயில் நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், தைப்பிங்கில் தன் பெரியப்பா குலசேகரம் தவறிவிட்டார், ஆண்டுத் திவசம் முடியும்வரை நல்ல காரியம் கூடாது என்று சொல்லி அனுப்பினான். தகவல் வந்தபோது தகனமும் முடிந்திருந்ததாம். பத்திரிகையில் மரண அறிவித்தலைத் தேடினாள். இல்லை. அப்போதே அவளுக்கு நெருடியது.

அடுத்த தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில், பதிவன்று அவள் பார்த்திருந்த குலசேகரம் கடலை கொறித்தபடி எதிரே வந்தார். கோயில் கல்யாணத்துக்குத் தன்னை அழைக்கவில்லையே என்று குறைப்பட்டார். அவள் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னாள்.

"நான் செத்தத எனக்கே யாரும் சொல்லலையே, பிள்ளை," என்றார் அவர்.

மறுவாரம் பரமநாதனை வீட்டுக்கு வரவழைத்து, ஏன் பொய் சொன்னான் என்று கேட்டாள். அவன் மழுப்பினான். "கோயில்ல தாலி கட்டல. நமக்குக் கல்யாணமே ஆகலையே. ரெண்டு பேரும் சைன் போட்டா பிரிஞ்சிரலாம், ஈசிலா."

"ஆகாத கல்யாணத்த முறிக்க என் சைன் எதுக்கு?"

அவன் நீட்டிய மணமுறிவு மனுவில் தேதி இடம் வெறுமையாக இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. பெண்ணிடம் ஏதோ குறை என்று ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. அது அவன் வீட்டிலிருந்தே வந்தது என்று சந்தேகப்பட்டாள். தானே ஒரு வக்கீலிடம் போனாள். பதிவாகி இரண்டு ஆண்டு முடியாமல், இருவரும் இசைந்தாலும் மனுப் போட முடியாது என்றார் அவர்.

அவள் காத்திருந்தாள். இரண்டு ஆண்டு முடிந்ததும் அவனே ஓடி வந்தான். நிபோங் திபாலில் வேறு பெண் பேசியிருந்தான்; அந்த வீட்டார் விடுதலைப் பத்திரம் கேட்டிருந்தார்கள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: பெரியப்பாவையும் கூட்டிவந்து, இரு வீட்டாருக்கும் முன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு. குலசேகரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதன்பிறகே அவள் கையெழுத்திட்டாள்.

ஆகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மூன்று மாதம் கழித்துத்தான் அது உறுதியாகும் என்றதும், அதற்குள் அவன் இன்னும் என்ன செய்வானோ என்று தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தாள். உறுதிப்படுத்திய கடிதம் வந்த நாள் 20.11.1986, வியாழன்.