மந்தைவெளிப் பிரசவ ஆஸ்பத்திரி

மந்தைவெளியில் தோழி வீட்டு மாடிப்படியைப் பினாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடையில், இந்த அடுக்குமாடி எழும்புவதற்கு முன் இதே இடத்தில் இருந்த சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி எனக்குத் திரும்பி வந்தது. அம்மா அங்கே ஆயா. பள்ளி விட்டதும் பாவாடைச் சீருடையோடு நான் அங்கேதான் போவேன். வெந்நீர் அண்டாவின் ஆவியும், கொடியில் காயும் துணிகளின் படபடப்பும், சுவருக்கு அப்பால் பெண்களின் முனகலும்தான் என் மாலை நேரம். ஒவ்வொரு பிரசவத்துக்கு முன்பும் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முருகன் படத்தைப் பார்ப்பாள். "என் வேலைய நான் செய்றேன், மீதிய நீ பாத்துக்கோ நைனா."

ஒருநாள் பிறந்த குழந்தை அழவே இல்லை. டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு நகர்ந்த பிறகும் அம்மா அதன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அதைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, வாசலில் நின்ற தகப்பனிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"முருகன் பாத்துக்கலியேம்மா?" என்றேன்.

"அது அவன் பாடு. உள்ள இன்னொருத்தி கத்திக்கினு கீறா, அது என் பாடு."

குழாயடியில் அவள் கையிலிருந்து சோப்பு நழுவி நழுவி விழுந்தது. மூன்றாவது முறை நான் எடுத்துக் கொடுத்தேன்; என் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக் கழுவிக்கொண்டு உள்ளே ஓடினாள்.