மொட்டையாய் நின்ற பப்பாளி மரங்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில் லாபு பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆராய்ச்சிக் கூடத்தில் கழித்த வருடங்களை எண்ணுவதையே நிறுத்திவிட்டிருந்தேன்.

என் வேலை ரத்தத் தட்டணுக்களைப் பற்றியது. டெங்கி வந்த வீடுகளில் ‘பிளேட்லெட் இறங்கிப்போச்சு’ என்று பதறுவார்களே, அதுதான். ஒவ்வொரு தட்டணுவுக்குள்ளும் குட்டிக் குட்டிப் பைகள் உண்டு. காயத்தை அடைக்கத் தேவையான சாமான்கள் அதில் இருக்கும். அவற்றைச் சிந்தாமல் பிடித்து வைத்திருப்பது, சர்க்கரைச் சரங்கள் தொங்கும் ஒரு வகைப் புரதம். புரோட்டியோகிளைக்கான் என்பார்கள். டெங்கி வந்தவர்களுக்கு இந்தப் பிடி தளர்ந்துவிடுகிறதா? இந்த ஒரு கேள்வியோடு பாதி ஆயுள் போய்விட்டது. சொல்லும்போது ஏதோ பெரிய வேலை போலத் தெரியும். உண்மையில் ரத்தத்தை இயந்திரத்தில் சுற்றவிட்டு, ஒன்றும் கிடைக்காமல், மறுநாள் மறுபடி சுற்றவிடுவதுதான். இந்த முறையும் ஒன்றும் வராவிட்டால் ஆய்வை மூடிவிடலாம் என்று எங்கள் பேராசிரியர் நேராகவே சொல்லிவிட்டார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு களைப்பு.

நோயாளிகளின் ரத்தம் ஏற்கெனவே கிடைத்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து மாத்திரை எதுவும் தொடாத, நோயில்லாத ஆட்களின் ரத்தம் வேண்டும். பட்டணத்தில் தேடிச் சலித்துக் கடைசியில் என் தோட்டத்துக்கே போனேன். எதிர்வீட்டில் வளர்ந்த அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார். செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை. டெங்கி ஆராய்ச்சிக்கு என்று சொன்னதும், “ஒனக்கு இல்லாத ரத்தமா? ஆளுங்கள நான் கூட்டுறேன்லா, நீ வா” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் இருபது பேர், தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் உட்பட, குளித்து, திருநீறு பூசி, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வரும் வழியில், லயத்து வீடுகளுக்குப் பின்னால் பப்பாளி மரங்கள் எல்லாம் உச்சியில் நாலு கொழுந்தோடு மொட்டையாக நின்றன. பூச்சி அடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். படிவத்தைப் படித்துக் காட்டினேன். கடந்த பத்து நாளில் மருந்து, மாத்திரை ஏதாவது? இருபது பேரும் இல்லை என்றார்கள். தட்டணுக்கள் அதிக நேரம் தாங்காது. ரத்தத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முடிவு வந்தது. தோட்டத்து ரத்தத்தில் அந்தப் பிடி இறுக்கமாக இருந்தது. நோயாளிகளின் ரத்தத்தில் தளர்ந்திருந்தது. இத்தனை வருடம் தேடிய வித்தியாசம்! யாரும் இல்லாத ஆய்வுக் கூடத்தில் நின்று அழுதேன். கட்டுரை எழுதவும் ஆரம்பித்துவிட்டேன்.

நன்றி சொல்ல கேக் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். “எங்க ரத்தம் எப்படி?” என்று கேட்டார். ரொம்ப நன்றாக இருந்தது என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“இருக்காதா பின்ன? டெங்கிக்குன்னு நீ சொன்னியா, எல்லாரும் மூணு நாளு பப்பாளி எலச் சாறு குடிச்சோம்லா. ஒரு மரத்த விடல. கசப்பு தாங்காம மண்டோர் வாந்தியே எடுத்துட்டாரு. நம்ம புள்ள ஆராய்ச்சிக்கு மட்டமான ரத்தத்தக் குடுக்க முடியுமா?”

கையில் இருந்த கேக்கைத் தட்டில் வைத்துவிட்டேன். வித்தியாசத்துக்குச் சாறு காரணமா, இல்லையா, இந்த ரத்தத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாவிட்டால் அது ஆராய்ச்சியே இல்லை. என் தம்பிக்கு டெங்கி வந்தபோது இதே இலையை இடித்து வடிகட்டிக் கொடுத்தவள் நான். தோட்டத்தில் யாரும் அதை மருந்துக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? மரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, படிவத்தை நம்பியிருக்கிறேன்.

மறைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. காரில் உட்கார்ந்து வெகுநேரம் அதைத்தான் யோசித்தேன், வெட்கமாக இருக்கிறது. மறுநாள் பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அக்காவிடமும் சொன்னேன்.

“அப்ப நாங்க கெடுத்துட்டோமா?”

“இல்லக்கா. நான் சரியா கேக்கல.”

“சரி விடு. ரத்தம் ஊறும்லா. மறுபடியும் எடு.”

இரண்டு மாதம் கழித்து அதே இருபது பேரும் வந்தார்கள், மண்டோர் உட்பட. இந்த முறை யாரும் சாறு குடிக்கவில்லை. வித்தியாசமும் வரவில்லை. ஆய்வை மூடிவிட்டார்கள். நான் இப்போது வேறொருவருடைய ஆராய்ச்சியில் ரத்தம் எடுத்துக் கொடுக்கிறேன்.

முடிவு வந்த அன்று அக்கா போனில் கேட்டார், “இந்தத் தடவ எப்படி?”

“சாதாரணமா இருக்குக்கா.”

“சாதாரணம்னா நல்லதுதானே?”

“நல்லதுதான்க்கா” என்றேன். அது பொய்யில்லை.

இப்போதெல்லாம் யாருக்கும் ஊசி குத்தும் முன் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, “எனக்காக ஏதாவது சாப்பிட்டுட்டு வந்தீங்களா?” என்று கேட்கிறேன். கேட்கும் ஒவ்வொரு முறையும், என்னை நம்பி மூன்று நாள் கசப்பை விழுங்கிய அந்த இருபது பேருக்குக் காட்ட என் கையில் ஒன்றுமே இல்லையே என்று மனம் கனத்துப்போகிறது.