எலியாவுக்குத் திறந்த கதவு

மாடி வீட்டு மாமாவுக்குக் கடவுள் கிடையாது. ஆனால் பண்டிகைகள் எல்லாம் உண்டு. ரங்கூனில் மிச்சமிருந்த சில யூதக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. யூதர்களின் ஜெபக்கூடம் நடந்துபோகும் தூரம்தான் என்றாலும் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார்.

"சாமி இருக்குன்னு என் வாயால ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனா எங்க ஆளுங்க அடிமையா இருந்து தப்பிச்ச கதையை வருஷத்துக்கு ஒருதரம் சொல்லாம இருக்கமாட்டேன்" என்பார், எங்களோடு பழகிக் கற்ற சந்தைத் தமிழில்.

அந்தக் கதைக்கான பண்டிகை பெசாக். பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழாவை ஒட்டி வரும். மாவு புளிக்கக் கூடாது என்பதால், பிசைந்த கையோடு தட்டி எங்கள் அடுப்பில் அம்மாதான் ரொட்டி சுட்டுக் கொடுப்பாள். அடிமைக் காலத்துக் கசப்பை நினைவூட்ட மாமாவின் மனைவியான பர்மிய அத்தை வேப்பங்கொழுந்து அவித்து வைப்பாள். ஒயினுக்குப் பதில் உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாறு. அதனால் எதிர்வீட்டுத் தையல்கார பாயும் பாயம்மாவும் தயங்காமல் குடிப்பார்கள். மாமாவின் கதையில் சாமி வந்து கடலைப் பிளக்காது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து ஜனங்கள் நடந்து போய்விடுவார்கள். "யாரும் வந்து தூக்கிவிடல. அவங்களேதான் எழுந்து போனாங்க" என்று மேசையைத் தட்டுவார்.

ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாது என்று உத்தரவு இருந்த காலம் அது. வீட்டில் சாமி கும்பிடுகிறோம் என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். வேறு எதற்கென்றாலும் போலீஸ் ஸ்டேஷன்தான். அப்பா நகராட்சியில் சாக்கடை அள்ளும் வேலையில் இருந்தார். ஸ்டேஷனில் பேர் ஏறினால் வேலை போகும், வேலையோடு என் பள்ளிக்கூடமும் போகும். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வருஷம் மேலே போகவேண்டாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். "கூப்பிட்ட மனுசன் முகத்துல எப்படி முழிக்கிறது?" என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார்.

பொழுது சாயும் நேரம். ஜன்னல்களைச் சாத்தி, மெழுகுவத்தி ஏற்றி, ரகசியம் பேசுவதுபோல மாமா கதை சொன்னார். படியில் சத்தம் கேட்டால் பாயம்மா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொள்வாள்.

கதை முடிகிற இடத்தில் என் வேலை வரும். எலியா என்று ஒரு பெரியவர் என்றாவது ஒருநாள் வருவார் என்பது அவர்கள் வழக்கம். அவருக்காக ஒரு நாற்காலியும் நிரம்பிய கோப்பையும் காத்திருக்கும். கூட்டத்தில் சின்னவன் போய்க் கதவைத் திறக்கவேண்டும். எல்லா வருஷமும் வெறும் மாடிப்படிதான் தெரியும். மாமா சிரித்துக்கொண்டே, "பஸ் கிடைக்கலை போல" என்பார்.

அன்று திறந்தபோது ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி, கக்கத்தில் டார்ச் லைட். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சொல்லிக் கொடுத்திருந்தபடி பர்மிய மொழியில் சத்தமாகச் சொன்னேன்:

"வாங்க ஐயா! உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்!"

பின்னால் ஒரு தட்டு விழுந்து உடைந்தது. வந்தவர் வார்டு தலைவர், எந்த வீட்டில் யார் கூடுகிறார்கள் என்று போலீஸுக்குச் சொல்பவர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அவர் உள்ளே பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். "நான் வருவேன்னு உனக்கு யார் சொன்னது?"

நான் பெருமையோடு மாமாவைக் கைகாட்டினேன்.

அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. வார்டு தலைவர் மெதுவாக நடந்துவந்து, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். அப்பாவிடம் வந்ததும், "நகராட்சி ஆள்தானே நீ?" என்றார். அப்பா எழுந்து நின்று கைகளைக் கட்டிக்கொண்டார்.

"இது என்ன கூட்டம்?"

மாமா தொண்டையைச் செருமினார். "எங்க பண்டிகை, சயா." சயா என்பது அங்கே மரியாதைக்குச் சொல்லும் சொல்.

"பண்டிகைன்னா? சாமி கும்பிடுறீங்களா, இல்ல கூடி உட்கார்ந்து பேசுறீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். மாமா நின்றுகொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் யோசிக்க இதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

"சாமிதான் கும்பிடுறோம், சயா" என்றார்.

"அப்ப கும்பிடுங்க. நானும் கேக்கிறேன்."

மாமா எழுந்தார். ஜெபத்துக்குத் தலையை மூடவேண்டும், அவரோ வெறுந்தலையோடு நின்றார். பாய் தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு மொழியில் ஆரம்பித்தார். பாட்டு மாதிரி இருந்தது. நடுவில் ஓரிடத்தில் மறந்துபோய் நின்றார். முதலிலிருந்து மறுபடி தொடங்கி, அந்த இடத்தைத் தாண்டிப் போனார். அவருக்கு இத்தனை நல்ல குரல் இருந்தது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வார்டு தலைவர் தன்னையறியாமல் கைகூப்பியிருந்தார். முடிந்ததும் எழுந்து, "சாமி கும்பிடும்போது கதவைச் சாத்தி வையுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். யார் பேரையும் எழுதிக்கொள்ளவில்லை.

அப்பா மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மாமா கைகளை உருவிக்கொண்டு, தொப்பியைப் பாயிடம் கொடுத்துவிட்டு, உள்ளறைக்குப் போனார். அத்தை கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை. அடுத்த வருஷம் பண்டிகைக்கு ரொட்டி சுடச் சொல்லி அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

அன்று கீழே இறங்கும்போது எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. வந்தது எலியாதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "வந்தவர் பெரிய ஆள்தாம்மா! சாமியே இல்லைன்ன மாமாவையே கும்பிட வச்சுட்டார் பாத்தியா?" என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். மறு கையால் முந்தானையை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு நல்ல செய்திக்கு இவள் ஏன் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.