பயமென்றுதான் நினைத்தோம்

முதலில் ஆடியது என் சுட்டுவிரல்தான்.

2008ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரியகல்லாற்றில் எங்கள் கழகத்துக்கும் தேற்றாத்தீவுக் கழகத்துக்கும் கிரிக்கெட். நான் அம்பயர். பந்து நேரே காலில் பட்டது, சந்தேகமே இல்லை. விரலை உயர்த்தினேன். அது நிற்காமல் ஆடியது. பந்து போட்டவன் ஓடி வந்து, “அம்பயர் அண்ணன், இது அவுட்டா, இல்லாட்டி போயிட்டு வாறன் எண்டு கை காட்டுறீங்களா?” என்று கேட்டான். மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் விரலை இறக்கிய பிறகும் அது காற்சட்டைப் பைக்குள் ஆடிக்கொண்டே இருந்தது.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. மட்டக்களப்பு நகரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்கு வந்தவன். மனைவி யோகா, ஐந்து வயது மகள், பக்கத்து வளவில் யோகாவின் அம்மா, என் மாமி. இவ்வளவுதான் என் உலகம். இதே வருத்தத்தோடு (நோயோடு) இருக்கும் யாராவது இதை வாசிப்பார்கள் என்றே எழுதுகிறேன். நான் விட்ட பிழையை நீங்கள் விடக்கூடாது.

அந்த நடுக்கத்தை வருத்தமென்று யாரும் நினைக்காததற்குக் காரணம் இருந்தது. 2004 மார்கழியில் கடல் வந்தபோது எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் அகப்பட்டது. என் அக்காவை அன்றைக்கே இழந்தேன். அதற்குப் பிறகு “கடல் வருதாம்” என்று தெருவில் ஒரு குரல் கேட்டால் போதும், சோற்றுக் கோப்பையை அப்படியே விட்டுவிட்டு ஓடுவோம். அது ஆறுவதற்குள் ஷெல் சத்தம் தொடங்கியது. நெஞ்சு படபடக்காத மனிதரை எங்கள் பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதில் என்னுடைய படபடப்பை மட்டும் யார் தனியாகப் பார்ப்பார்கள்?

தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்தால் கடைசி ஓவரில் எல்லோருக்கும் நெஞ்சு அடிக்கும். எனக்கு விளம்பரத்துக்கும் அடித்தது. யோகா பார்க்கிற நாடகத்தில் யாராவது கதவைத் தட்டினால் நான் எழுந்து நின்றுவிடுவேன். “அது டீவிக்குள்ள தட்டுறாங்க, இரிங்க” என்பாள். மார்கழிக் குளிரிலும் சட்டை வியர்வையில் ஒட்டியது. நித்திரை இல்லை. பசி மட்டும் பேய்ப் பசி.

“ரெண்டு கோப்பை சோறு தின்னுறீங்க, எலும்புதான் மிஞ்சுது” என்று யோகா முறையிட்டாள். மாமி என்னை மந்திரிக்கிற ஒருவரிடம் கூட்டிப்போய்த் தண்ணீர் ஓதிக் குடிக்கவைத்து, கையில் நூலும் கட்டினார். “நல்லாப் பயந்திட்டீங்க மகன், அதான்” என்றார். நானும் நம்பினேன். என் பயம் எனக்குத் தெரியாதா?

நான் தினமும் போய்வந்த பஸ் கல்லடிப் பாலத்துக்கு முன்னால் இராணுவச் சோதனைச் சாவடியில் நிற்கும். எல்லோரும் இறங்கி, வரிசையில் நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, அந்தப் பக்கம் போய் ஏற வேண்டும். 2009 மாசி மாதத்தில் ஒரு காலை. என் அட்டை என் விரல்களுக்கு நடுவில் படபடவென்று அடித்தது. முகத்தில் வியர்வை வழிந்தது. சிப்பாய் அட்டையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

“ஏன் பயம்?” என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

“பயமில்ல சேர்” என்றேன். பயமில்லையென்று சொல்கிறவனின் கை அப்படி ஆடினால் யார்தான் நம்புவார்கள்?

என்னை மட்டும் ஒரு பக்கமாக இருத்தினார்கள். பஸ் போய்விட்டது. அங்கிருந்த வாங்கில் (பெஞ்சில்) இரண்டு மணித்தியாலம் இருந்தேன். இப்படி இருத்தப்பட்டு வீடு திரும்பாதவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஈரக்குலை நடுங்கியது என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சல்ல என்று அன்று தெரிந்தது. கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டேன். அப்போது தொடையும் நடுங்கியது. கடைசியில் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்துவிட்டு விட்டார்கள்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பயத்துக்கு ஒரு மாத்திரை கேட்பதுதான் நோக்கம். வெளிநோயாளர் பிரிவில் காத்தான்குடியைச் சேர்ந்த இளம் பெண் டொக்டர் ஒருவர் இருந்தார். நாடியைப் பிடித்து மணிக்கூட்டைப் பார்த்தார். நிமிடத்துக்கு நூற்று முப்பதுக்கு மேல்.

“எத்தின நாளா இப்பிடி?”

“கடல் வந்த நாள்ல இருந்து, டொக்டர்.”

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “கடல் எல்லாருக்கும்தான் வந்த. கண்ணு இப்பிடி முன்னுக்குத் தள்ளினது உங்களுக்கு மட்டும்தானே?” என்றார். பிறகு எச்சிலை விழுங்கச் சொல்லி, கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தைரொயிட் (கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே இருக்கும் சிறு சுரப்பி) அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறது. அதன் சுரப்பு கூடினால் இதயம் ஓடும், கை நடுங்கும், வியர்க்கும், நித்திரை போகும், உடம்பு வற்றும். பயந்த மனிதனுக்கு என்னென்ன நடக்குமோ அத்தனையும் நடக்கும். “உங்கட பயத்தில பாதி இந்தச் சுரப்பி செய்யிற வேல” என்றார் டொக்டர். மற்றப் பாதி எதுவென்று நான் கேட்கவில்லை.

மாத்திரை இரண்டு வகை தந்தார். ஒன்று இதய ஓட்டத்தைக் குறைக்க. மற்றது காபிமசோல் (சுரப்பியின் வேலையை அடக்கும் மருந்து). கிளினிக் அட்டையின் மூலையில் சிவப்புப் பேனையால் எழுதினார். தொண்டை நோவோ காய்ச்சலோ வந்தால் காபிமசோலை உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே வர வேண்டும். அதை வாயாலும் சொன்னார், இரண்டு முறை. சோதனைச் சாவடியில் நடந்ததைச் சொன்னபோது, கை நடுங்குவது நோயினால் என்று சிங்களத்தில் ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

மருந்து வேலை செய்தது. ஒரு மாதத்துக்குள் கை அடங்கத் தொடங்கியது. கால்வாசிப் பயம் குறைந்தாலே மனிதன் எவ்வளவு இலேசாகிறான்! பஸ்ஸில் பக்கத்து ஆளோடு கிரிக்கெட் கதைத்தேன். பிறகுதான் வைகாசி வந்தது.

எங்கள் பக்கத்தில் வைகாசி என்றால் கண்ணகி அம்மன் சடங்கு. வருடம் முழுக்க மூடியிருக்கும் கோயில் கதவு அப்போதுதான் திறக்கும். வீடுகளில் மீன் இல்லை, பொரியல் இல்லை. அந்த நாட்களில் யாருக்காவது காய்ச்சலும் கொப்பளமும் வந்தால் அதற்கு வருத்தமென்று பெயரில்லை. அம்மாள் வந்திருக்கிறா என்றே சொல்வோம். வாசல் படலையில் வேப்பிலை கட்டுவோம். மருந்து கொடுக்க மாட்டோம், வெளியே கூட்டிப்போகவும் மாட்டோம். கடைசி நாள் குளிர்த்திச் சடங்கில் அவள் குளிர்ந்து போகிற வரைக்கும் காத்திருப்போம்.

கதவு திறப்பதற்கு முதல்நாள் எனக்குத் தொண்டை நொந்தது. மறுநாள் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. அதற்கடுத்த நாள் வாய்க்குள் வெள்ளை வெள்ளையாகப் புண். மாமி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார். “உள்ளுக்கால வந்திரிக்கா மகன். பயப்பிடாதீங்க” என்றார். படலையில் வேப்பிலை ஏறியது.

மாமியைக் குற்றம் சொல்ல மாட்டேன். சிவப்பு எழுத்து அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். முதல் நாளே ஞாபகம் வந்தது. ஆனால் வன்னியில் போர் முடியப்போகிறது என்று வானொலி மணிக்கு மணி சொல்லிக்கொண்டிருந்த கிழமை அது. தெருவில் ஆட்கள் குறைந்திருந்தார்கள். அந்தப் பாலத்தை அந்தக் கோலத்தில் கடக்க எனக்குத் தைரியம் இல்லை. அம்மாள் என்று மாமி சொன்னதும் அதைப் பிடித்துக்கொண்டேன். அதுவும் போதாதென்று மாமிக்குத் தெரியாமல் மாத்திரையையும் தொடர்ந்து விழுங்கினேன். சாவதைவிடச் சோதனைச் சாவடிக்குப் பயந்தேன். சீ, எவ்வளவு பெரிய மடையன் நான்!

நான்காம் நாள் காலை எனக்குத் தண்ணீர் இறங்கவில்லை. மாத்திரை எடுக்க வந்த யோகா கிளினிக் அட்டையைத் திருப்பிச் சிவப்பு எழுத்தைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வெளியே போய் ஓட்டோவைக் கூட்டிவந்தாள். மாமி படலையில் நின்று மறித்தார்.

“சடங்கு நாள்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறயா? அம்மாள் கோவிப்பா புள்ள.”

“அம்மாளுக்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கிறன்மா. இவர் செத்தா ஆருக்கிட்டப் போய்க் கேக்கிற?”

மாமி விலகி நின்றார். நான் யோகாவின் மடியில் சாய்ந்திருந்தேன். நான் சாகப்போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மகளுக்குப் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லையே என்று அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

பாலத்தடியில் வெடிச் சத்தம் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால் சீனவெடி. போர் முடிந்துவிட்டதாம். சாவடியில் கொடிகள் கட்டியிருந்தார்கள். போகிற வாகனங்களை எல்லாம் நிறுத்திப் பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிப்பாய் சிரித்துக்கொண்டே வாழையிலைத் துண்டில் ஒரு பங்கை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

என்னால் எச்சிலையே விழுங்க முடியவில்லை. அன்றைக்கு, அந்த இடத்தில், அதை வேண்டாமென்று சொன்னால் என்ன நினைப்பார்கள்? வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. சிப்பாயின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. யோகா இரண்டு கையாலும் பாற்சோற்றை வாங்கித் தன் மடியில் வைத்தாள். பிறகு டொக்டர் தந்த சிங்களக் கடிதத்தை எடுத்து நீட்டினாள். அவர் வாசித்தார். என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். உடனே கையை எடுத்து, போ, போ என்று ஓட்டோக்காரரைத் துரத்தினார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் யோகா அந்த இலையை மடியில் வைத்திருந்தாள். தின்னவும் இல்லை, எறியவும் இல்லை.

வெண்குருதிக் கலங்கள் (கிருமிகளோடு சண்டை பிடிக்கும் இரத்தக் கலங்கள்) என் இரத்தத்தில் ஏறக்குறைய இல்லை. காபிமசோல் மிகச் சிலருக்கு இப்படிச் செய்யுமாம். அதற்காகத்தான் அந்தச் சிவப்பு எழுத்து. “இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தா...” என்று தொடங்கிய டொக்டர் யோகாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். தனியறையில் போட்டார்கள். ஊசிக்கு மேல் ஊசி. தினமும் காலையில் இரத்தம் எடுப்பார்கள், மத்தியானம் எண்ணிக்கை வரும். அந்த இடைப்பட்ட மணித்தியாலங்களை நான் வாழ்ந்தேன் என்று சொல்ல முடியாது. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அறைக்கு வெளியே வார்ட்டில், வன்னியில் சொந்தக்காரர்கள் இருந்த பலர் படுத்திருந்தார்கள். வெளியே வெடி கேட்டது, உள்ளே யாரும் கதைக்கவில்லை.

எட்டாம் நாள் எண்ணிக்கை ஏறியது. மிஸ்ஸி (தாதி) வந்து சொன்னபோது யோகா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

காபிமசோலை இனி நான் ஆயுளுக்கும் தொடக்கூடாது. சில மாதங்கள் கழித்துக் கொழும்புப் பக்கம் அனுப்பிக் கதிரியக்க அயடின் (சுரப்பியைத் தேடிப்போய் அதைச் சுட்டு அடக்கும் மருந்து) கொடுத்தார்கள். கொஞ்ச நாட்கள் மகளைத் தூக்கவும் விடவில்லை. பிறகு சுரப்பி செத்தது. இப்போது அதன் வேலையை ஒரு சின்ன மாத்திரை செய்கிறது. விடிந்ததும் வெறும் வயிற்றில் அது. பிறகு அரை மணித்தியாலம் தேநீர் இல்லை. அந்த அரை மணியை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கழிப்பேன். வருத்தம் பிடித்திருந்த மாதங்களில் எனக்கு நேரம் இப்படி ஆறுதலாகப் போனதே இல்லை. நெஞ்சு நூற்று முப்பது அடிக்கிறவனுக்கு ஒரு நிமிடத்துக்குள் இரண்டு நிமிடம் இருக்கிறது.

2010இல் ஒரு நாள் பின்னேரம். வேலை முடிந்து பஸ்ஸில் யன்னலோரம் இருந்தேன். குருக்கள்மடம் கடந்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்ததாக ஞாபகம் இருப்பது கண்டக்டர் தோளைத் தட்டியது. “ஐயா, கல்முனை. இறங்குங்க.”

ஊர் எப்போதோ கடந்துவிட்டது. தொலைபேசியில் யோகாவின் அழைப்புகள் நிறைந்து கிடந்தன. எடுத்தேன்.

“எங்க நிக்கிறீங்க?”

“கல்முனையில.”

“கல்முனையிலயா? ஆர் கூட்டிப் போன?” அவள் குரல் கீச்சிட்டது.

“ஒருத்தரும் இல்ல. பஸ்ஸில நித்திரையாயிட்டன்.”

“நித்திரையா?” என்றாள். பிறகு அழத் தொடங்கினாள். சண்டை பிடித்தாள். திரும்பவும் அழுதாள்.

அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். தரிப்பிடத்தில் மகளைப் பிடித்தபடி நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. யோகாவின் கையைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது, நடுங்கியது. பழக்கதோஷத்தில் என் விரல் நாடிக்குப் போய்விட்டது. எண்ணினேன். நூற்றிருபதுக்கு மேல். அப்போதுதான் கவனித்தேன், அவளுடைய கன்னமும் வற்றியிருந்தது.

பயந்துபோய், அடுத்த கிழமையே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த நாளில் டொக்டர் தாளை இரண்டு தரம் வாசித்தார். சுரப்பியில் ஒரு கோளாறும் இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொள்ளச் சொன்னேன். சாய்ந்தாள். கொஞ்ச நேரம் நித்திரை கொள், இடம் வந்தால் எழுப்புகிறேன் என்றேன். பெரியகல்லாறு வரும் வரைக்கும் அவள் கண்ணை மூடவில்லை.