விமானத்துக்கும் பாடு போட்டார்கள்

வெளிநாட்டுக்கு விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவனுக்கு, விமானம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பெயரே கிடையாது. தாமதமானால் மட்டும் அவன்தான் பைலட். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிழைப்பு நடத்தும் சகோதரர்களே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, இவ்வளவுதான் என் கடை. வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள்தான் அதிகம் வருவார்கள். அவர்களுக்கு முதலாளியே டிக்கெட் அனுப்பிவிடுவார். நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதும். எந்த விமானம் நல்லது என்று கேட்டு என் உயிரை எடுக்க அவர்களுக்கு வழியே இல்லை. அந்தக் குறையை மொத்தமாகத் தீர்த்து வைத்தது ரீட்டாக்காவின் குடும்பம்.

ஓட்டுகிறவர் யார்?

ரீட்டாக்காவை ஏரியோரக் குப்பங்களில் தெரியாதவர்கள் இல்லை. புருஷன் அந்தோணி அண்ணன் ஏரியில் பிடித்துவரும் இறாலையும் நண்டையும் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்து விற்கிறவர். ஒரே பெண் ஸ்டெல்லா கனடாவில் நர்ஸ். அவளுக்கு இது தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்கு அங்கே லாரி ஓட்டுகிற வேலை. கிளம்பினால் பல நாள் வீடு திரும்ப மாட்டார். குழந்தை முன்கூட்டியே வரலாம் என்று டாக்டர் வேறு சொல்லிவிட்டார். அக்காவுக்கு மட்டும் விசா வந்திருந்தது. இதுவரை சென்னை தாண்டாத பெண், இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாதவர், தன்னந்தனியாகக் கனடா போக வேண்டும், அதுவும் குழந்தைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். ஸ்டெல்லாவே அங்கிருந்து டிக்கெட் போட்டிருக்கலாம். "கண்ணால பார்த்த ஆள் கையால வாங்குனாத்தான் எனக்குத் தைரியம்" என்று அக்கா என் கடைக்கு வந்துவிட்டார்.

மூன்று கம்பெனிகளை எடுத்து விளக்கினேன். ஒன்று, டெல்லி போய் அங்கிருந்து ஒரே தூக்கில் கனடா. இன்னொன்று, வளைகுடாவில் ஒரு முறை மாறுவது. மூன்றாவது எல்லாவற்றிலும் மலிவு. ஆனால் இரண்டு இடத்தில் இறங்கி இறங்கி ஏற வேண்டும். விமானம் புதிதா பழசா, சீட்டில் கால் நீட்ட இடம் உண்டா, டிவி உண்டா என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். கூட வந்திருந்த அந்தோணி அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அதெல்லாம் சரி சார், மூணுத்துலயும் ஓட்டறவங்க யாரு? கண்ணாலம் ஆனவங்களா?" என்றார். பைலட்டுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று இந்தத் தொழிலில் யாரும் என்னைக் கேட்டதில்லை. எதற்கு என்றேன்.

"புள்ளகுட்டிக்காரனா இருந்தா கொஞ்சம் பார்த்து ஓட்டுவான் சார்."

கம்பளி

மறுநாள் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து அக்காவின் தம்பி சேவியர் வந்தார். அவர் ஒரு காலத்தில் வளைகுடாவில் படகு வேலைக்குப் போய்வந்தவர். குடும்பத்தில் விமானம் ஏறிய ஒரே ஆள் அவர்தான் என்பதால், விமானம் சம்பந்தமாக அவர் வைத்ததுதான் சட்டம். வரும்போதே கையில் ஒரு துணிமூட்டை.

நான் நேரம், தூரம், மாறும் இடம் என்று மறுபடியும் பல்லவியை ஆரம்பித்தேன். அவர் மூட்டையைப் பிரித்து என் மேஜைமேல் விரித்தார். ஊதா நிறக் கம்பளி. ஓரத்தில் ஏதோ ஒரு விமானக் கம்பெனியின் முத்திரை. அதைக் கொடுத்தார்களா, இவரே மடித்து எடுத்துக்கொண்டு வந்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தக் கம்பெனி இப்போது கனடாவுக்கு விமானமே விடுவதில்லை என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். சேவியர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உடலன்னா உடச் சொல்லு சார். எவ்ளோ தொவச்சும் சாயம் போகல பாரு, இவன் உடற பிளேன் எப்டி கீழ வுழும்?"

பெட்டியும் வாசனையும்

அதற்குள் பெட்டி கட்டுகிற விவகாரம் வந்துவிட்டது. ஸ்டெல்லா போனில் கேட்டது சென்னாக்குனி. இந்தப் பொடி இறாலைக் காயவைத்து வறுத்துக் கொடுத்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் வேறு குழம்பைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கூடவே பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வேண்டும் என்று சுறாக் கருவாடு. எந்தக் கம்பெனி இதற்கெல்லாம் மூக்கைப் பிடிக்காமல் ஏற்றிக்கொள்ளும் என்பது அக்காவின் கேள்வி.

எந்தக் கம்பெனியானாலும் நன்றாகப் பொதிந்து பெரிய பெட்டியில் போடுங்கள், அங்கே இறங்கியதும் இன்னது கொண்டுவந்திருக்கிறேன் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள் என்றேன். காற்றுப் புகாத உறையில் மூன்று சுற்று சுற்றினால் வாசனையே வராது என்று யோசனையும் கொடுத்தேன். எனக்குக் கெட்டிக்காரத்தனம் செய்த திருப்தி. அக்காவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"வாசனையே வரலன்னா அவ்ளோ பொட்டில எங்க வூட்டுப் பொட்டி எதுன்னு நான் எப்டி தம்பி கண்டுபிடிப்பேன்?"

சக்கர நாற்காலி

மொழி தெரியாத பெரியவர்களைத் தனியாக அனுப்பும்போது நம் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. டிக்கெட்டிலேயே சக்கர நாற்காலி வேண்டும் என்று போட்டுவிடுவோம். உள்ளே போனதும் ஒருவர் வந்து உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவார். மாறுகிற இடத்திலும் வேறொருவர் வந்து அடுத்த விமானத்தின் வாசல்வரை கொண்டுபோய் விடுவார். வழி கேட்க வேண்டாம், போர்டு படிக்க வேண்டாம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கவலை விட்டது. இதைச் சொன்னதும் அந்தோணி அண்ணன் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். படகுத்துறையிலிருந்து கடைத்தெருவரை தலையில் இறால் கூடையோடு நடக்கிறவர் அவர். ரோஷம்தான் என்று முதலில் நினைத்து, "எல்லாரும் செய்றதுதாங்கா, இதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல" என்று சமாதானம் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"புள்ள பெத்தவளப் பார்த்துக்கத்தான் நான் போறேன். கால் முடியாதவளா போயி எறங்குனா அவ என்னைப் பார்த்துப்பாளா, புள்ளயப் பார்த்துப்பாளா?"

பாடு

சக்கர நாற்காலி இல்லை என்றதும் எந்தக் கம்பெனி என்பது நிஜமாகவே பெரிய கேள்வியாகிவிட்டது. தப்பான இடத்தில் போய் நின்றால் கூட்டிப்போக ஆள் கிடையாது. அந்தோணி அண்ணன் டெல்லி என்றார்; நம் நாடு, யாரையாவது கேட்டுக்கொள்ளலாம். டெல்லியில் இந்தி பேசுவானே என்றார் சேவியர். கம்பளிக் கம்பெனி இல்லையென்றால் மலிவானதையே போடு, மிச்சத்தில் பிள்ளைக்கு ஏதாவது வாங்கலாம் என்பது அவர் கட்சி. நான் வளைகுடா என்றேன். மூன்று பேரும் கத்திக்கொண்டிருந்ததில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

கடைசியில் அந்தோணி அண்ணன், "இன்னாத்துக்குப் பேஜாரு? பாடு போட்டுடலாம்" என்றார். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஏரியில் மீன் விழும் இடங்கள் சில, வலைகள் பல. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைக் குப்பத்து ஆண்கள் கூடிச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். அப்படி விழுகிற முறைக்குப் பாடு என்று பெயர். நல்ல இடமோ மோசமான இடமோ, விழுந்தபின் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஏரியில் அடிதடி இல்லாமல் இருப்பது அதனால்தான். நல்ல ஏற்பாடு, ஆனால் அதைக் கொண்டுவந்து விமானத்துக்குப் போடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் பேப்பரையே கிழித்து, என் பேனாவாலேயே எழுதி, நான் டீ குடிக்கிற டம்ளரிலேயே போட்டுக் குலுக்கினார்கள்.

எடுத்த சீட்டில் வந்தது மலிவு விமானம். இரண்டு மாறுதல். "அண்ணே, இது வேணாண்ணே, ஒரு எடத்துல தவறுனாக்கூட அக்கா குழந்தை பிறந்தப்புறம்தான் போய்ச் சேருவாங்க" என்று கெஞ்சினேன். "வுழுந்தா வுழுந்ததுதான் சார், நீ போடு" என்றார். குரலில் அவருக்கே தெம்பு இல்லை. ஆனால் விழுந்த பாட்டை மாற்றிப் பழக்கமில்லாத மனிதர், என்ன செய்வார்? நான் கீபோர்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அதுவரை மூலையில் நாற்காலியில் இருந்த ரீட்டாக்கா என்னிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "மாறுற எட்த்துல நம்ம சனம் எங்க தம்பி நெறைய கீது?" வளைகுடாவில்தான், தமிழ், மலையாளம், தெலுங்கு எல்லாமே காதில் விழும் என்றேன். "தெலுங்கு கீதா? அது போதும்" என்றார். அவர் பிறந்தது ஆந்திர எல்லையை ஒட்டிய சுண்ணாம்புக்குளம். தமிழ் எவ்வளவு வருமோ தெலுங்கும் அவ்வளவு வரும். பாடு விழுந்திருக்கிறதே என்று அந்தோணி அண்ணன் ஆரம்பித்தார். அக்கா எழுந்து புடவையை உதறிக்கொண்டார்.

"எங்க நைனா காலத்துலேர்ந்து பாடு ஆம்பளைங்களுக்குத்தான்னு சொல்லி ஒருநாளும் எங்களக் கிட்ட சேத்தது இல்லியே. போறது பொம்பள. எனக்கேதுய்யா பாடு?"

அக்கா எங்கே?

வளைகுடா டிக்கெட்டே போட்டேன். அக்கா விடியற்காலையில் கிளம்பினார். மாறுகிற விமானத்தின் வாசல் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுக்கலாம் என்றால், அது அங்கே போனபிறகுதான் தெரியும். "போயிக்கிறேன் தம்பி" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நடக்கக் கூடாதது நடந்தது. சென்னையிலிருந்தே விமானம் தாமதமாகப் புறப்பட்டது. கம்ப்யூட்டரில் பார்க்கிறேன்: இறங்கியதற்கும் அடுத்தது கிளம்புவதற்கும் நடுவில் ஓட்டமாக ஓடினால்தான் உண்டு. ஸ்டெல்லா போன் செய்தாள். லேசாக வலி ஆரம்பித்திருந்தது. "அண்ணா, அம்மா ஏறிட்டாங்களாண்ணா?" எனக்கு எப்படித் தெரியும்? விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டுகிற கம்ப்யூட்டர், உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்டாது. அக்கா கையில் போன் இருந்தது. அந்த ஊரில் அது வேலை செய்யவில்லை. அந்தோணி அண்ணன் ஏரிக்குப் போகாமல் என் கடை வாசலிலேயே நின்றார். என்மேல் ஒரு கோபமும் காட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சக்கர நாற்காலியை அக்காவுக்குச் சொல்லாமல் போட்டிருக்கலாமோ, டெல்லியே தேவலையோ என்று மனசு அடித்துக்கொண்டது. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு இந்தக் கடையை மூடிவிட்டு வெறும் ஜெராக்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஸ்டெல்லாவின் நம்பரிலிருந்து வீடியோ கால். திரையில் ரீட்டாக்கா. கையில் ஒரு சின்ன மூட்டை. அதற்குள் சிவப்பாக ஒரு முகம், கண்ணை இறுக்கிக்கொண்டு. நேராக ஆஸ்பத்திரிக்கே போயிருக்கிறார்; பிரசவ நேரம் முழுக்க மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பேத்தி. அந்தோணி அண்ணன் என் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது?

அத்தனை பெரிய விமான நிலையத்தில், அத்தனை அவசரத்தில் எப்படிங்கா வழி கண்டுபிடிச்சீங்க என்று கேட்டேன். விமானத்தில் பக்கத்து சீட்டில் ஒரு தெலுங்குப் பெண், இரண்டு குழந்தைகளோடு, அவளும் கனடாதான். இறங்கியதும் பெரியது ஒரு பக்கம் ஓட, சின்னது அழ, பைகளோடு அவள் தடுமாறியிருக்கிறாள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. சின்னதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடியிருக்கிறார். அடுத்த விமானத்தின் உள்ளே போய் உட்காரும்வரை இறக்கவில்லையாம்.

"வழி கேட்டா கையக் காட்டிட்டுப் பூடுவாங்க தம்பி. புள்ளயத் தூக்கிக்கினா, நம்மள உட்டுட்டு எங்க பூடுவாங்க?"

ஆகவே, எந்த விமானக் கம்பெனி நல்லது என்று கேட்டு வருகிறவர்களுக்கு இப்போதும் மூன்றையும் விலாவாரியாக விளக்கத்தான் செய்கிறேன். பக்கத்து சீட்டில் யார் உட்காருவார்கள் என்பதை மட்டும் எந்தக் கம்பெனியும் என் கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தொலைப்பதில்லை.