கை தூக்கினால் நிறுத்து

கடலை உடைக்கிற மெஷினுக்கு டிரைவராக இருப்பவன் மெஷினோடு மட்டும் வேலை செய்வதில்லை, அதைச் சுற்றி நிற்கிற பத்துப் பேரோடும் வேலை செய்கிறான். மெஷினோடு மாரடித்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அறுபதுகளில் செஞ்சியில் ஒரு சமண நயினாரின் கடலை மண்டியில் எனக்கு அந்த வேலை.

வந்த அன்று

அதுவரை கையால் கடலை உடைத்துக்கொண்டிருந்த பெண்கள், மாட்டுவண்டியிலிருந்து மெஷின் இறங்கியதும் கிட்டே வரவில்லை. "யாரையும் வேலைய விட்டு நிறுத்தமாட்டேன். கொட்ட, புடைக்க, பொறுக்க ஆள் வேணும்" என்றார் நயினார். அவர்களில் மூத்தவள் வல்லத்துக் குப்பம்மா. மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிவந்து என்னிடம் கேட்டாள்: "இது எங்க கூட வேல செய்யுமா, நாங்க இதுக்கு வேல செய்யணுமா?"

சத்தம்

மெஷின் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது. பேசிப் பேசியே பொழுதை ஓட்டியவர்கள் ஊமையானார்கள். தண்ணீர், வெற்றிலை, முதுகுவலி, எல்லாவற்றுக்கும் கையைத் தூக்குவார்கள், நான் நிறுத்துவேன். நயினாருக்குப் பொறுக்கவில்லை. "கையத் தூக்குனதுக்கெல்லாம் நிறுத்தாதப்பா. நான் சொன்னா நிறுத்து."

அஞ்சலை

அன்றைக்கு வந்தது ஈரக் கடலை. மெஷினின் வாயில் அடைத்துக்கொண்டது. கடலை கொட்டிக்கொண்டிருந்த அஞ்சலை, தள்ளுகிற குச்சியைத் தேடாமல் கையாலேயே தள்ளினாள். எதிரே குப்பம்மா கையைத் தூக்கினாள். நான் பார்த்தேன். தண்ணீருக்காக இருக்கும் என்று நினைத்து, நயினார் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு நேரம் போதுமாயிருந்தது. நிறுத்தியபோது அஞ்சலையின் வலது கையில் இரண்டு விரல் இல்லை.

ஆஸ்பத்திரியில் யாரோ, "மெஷினுக்குக் கண்ணா இருக்குது?" என்று அவளைத் தேற்றினார்கள். அவள் என்னையே பார்த்தாள். "அதுக்குக் கண்ணு இல்ல, சரி. உனக்கு இருந்துதே அண்ணே."

முக்காலி

மறுநாள் நான் மெஷினைப் போடவில்லை. யார் கை தூக்கினாலும் கேட்காமல் நிறுத்துவேன், இல்லாவிட்டால் வேறு ஆள் பாருங்கள் என்றேன். நயினார் எறும்பை மிதிக்காமல் நடக்கிற மனிதர். அவர் தலையாட்டினார். அன்று அவர் சாப்பிடவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அஞ்சலை வந்தாள். கடலை பொறுக்குகிற இடத்தில் உட்காரச் சொன்னார் நயினார். அவள் கேட்கவில்லை. சுவிட்சுக்குக் கிட்டே, என் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீ மெஷினப் பாரு அண்ணே. அவங்க கைய நான் பாத்துக்கறேன்."

மெஷினை ஓட்டக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. நிறுத்தக் கற்றுக்கொள்ள இரண்டு விரல் பிடித்தது, அதுவும் என்னுடையது இல்லை.