பனிக்கட்டிக்குள் விழித்த இரத்தம்

நான் மானிப்பாயில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பேய், சகுனம் என்றால் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், கருவியில் தெரியாதது எனக்கு இல்லாததுதான். நீங்கள் நம்பப்போவதில்லை, தெரியும். ஆனால் இது பட்டப்பகலில் நடந்தது.

சண்டிலிப்பாய்த் தோட்டங்களில் குரங்குகள் புகுந்து பயிற்றங்காய், பூசணி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அதோடு ஊரில் ஒரு காய்ச்சல். குரங்குதான் கொண்டுவந்தது, நஞ்சு வைப்போம் என்று சனம் கொதித்தது. முதலில் குரங்குகளின் இரத்தத்தைச் சோதிப்போம் என்று ஆய்வுகூடத்தில் வேலை செய்த நான்தான் கெஞ்சிக் கேட்டேன். இரத்தத்தின் வெண்குழியங்கள், அதாவது வெள்ளை அணுக்கள், அவற்றின் மேல் ஏற்பிகள் என்ற நுண்ணிய முளைகள் இருக்கின்றன. கிருமி வந்தால் அதைத் தொட்டறிய அவை முளைத்துப் பெருகும், நோயைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வேறு தோட்டங்களில் பிடிபட்ட சில குரங்குகளிடம் முன்னமே இரத்தம் எடுத்திருந்தோம். செல்வராசா அண்ணையின் தோட்டத்துக் கூண்டில் அன்று காலை ஒரு தாய்க் குரங்கும் குட்டியும் அகப்பட்டிருந்தன. தாய்க்கு மயக்க ஊசி போட்டு அதனிடம் மட்டும் இரத்தம் எடுத்தோம். மயக்கம் தெளிந்ததும் திறந்துவிட்டோம். குட்டியை வயிற்றோடு அணைத்தபடி மதிலில் ஏறி, அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆய்வுகூடத்தில் தாயின் இரத்தத்தைக் கருவியில் முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது ஏற்பிகள் மிகக் குறைவு. நோயில்லை. மிச்ச இரத்தம் இருந்த குழாயைப் பனிக்கட்டிக்குள் வைத்தேன். அந்தக் குளிரில் குழியங்கள் உறங்கிவிடும், புதிதாக ஒன்றும் முளைக்காது. ஆனாலும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, எழும்புவதும் யன்னலடிக்குப் போவதும் திரும்ப வந்து இருப்பதுமாக, ஏனென்றே தெரியாது. பின்னேரம் இன்னொருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்றேன். கருவியை இயக்கும் ராசன் அண்ணை திரையைக் கண்டதும் திரும்பினார்.

"பிள்ளை, நீர் இதுக்குள்ளை ஏதும் விட்டனீரோ?"

"இல்லை அண்ணை, ஐஸுக்குள்ளைதானே கிடந்தது."

"அப்ப உது என்ன? ஏறிக்கொண்டெல்லோ போகுது."

மறுபடி ஓட்டினோம், இன்னும் கூடியிருந்தது. கருவியைக் கழுவி வேறொரு குரங்கின் குழாயை வைத்தோம், அதன் அளவு அசையவேயில்லை. இது ஊருக்குத் தெரிந்தால் அத்தனை குரங்கும் சாகும்.

அப்போதுதான் செல்வராசா அண்ணையின் அழைப்பு.

"தங்கச்சி, அந்தக் குட்டியெல்லோ கரண்ட் கம்பியிலை பட்டுச் செத்துப்போச்சு. இப்ப கொஞ்சம் முந்தித்தான். தாய் தூக்கி வைச்சுக்கொண்டு விடுதில்லை. என்ரை மனுசி பார்த்துப் பார்த்து அழுறா."

கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னேன். ராசன் அண்ணை கதிரையில் இருந்துவிட்டார்.

மற்றக் குரங்குகளின் இரத்தம் எல்லாம் சுத்தமாகவே இருந்தது. தாயின் காலை அளவையும் பின்னேர அளவையும் மறைக்காமல் ஊராரிடம் கொடுத்தோம். ஆனால் நஞ்சு வேண்டாம் என்று ஊரைத் தடுத்தது அந்தத் தாயைக் கண்ட செல்வராசா அண்ணைதான். கருவியில்தான் பிழை என்று ராசன் அண்ணை இன்றைக்கும் சொல்வார், ஓம் என்று நானும் தலையாட்டுவேன்.

அவருக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க எப்போதும் மனித இரத்தமும் ஒரு குழாய் வைத்திருப்போம். அன்று வைத்தது என்னுடையது, காலையில் அளவு குறைவாகக் காட்டி அதே பனிக்கட்டிக்குள் கிடந்தது. அவர் போன பிறகு தனியே இருந்து அதையும் ஓட்டினேன்.

அதுவும் ஏறியிருந்தது.